அமெரிக்கச் சிறுநகரக் கடைவீதிகளில் வாகன நிறுத்தம்: ஒரு வரலாறு

அமெரிக்கச் சிறுநகரங்களின் நடுவே பழைய கடைகள், வங்கி, அஞ்சலகம், நீதிமன்றம் ஆகியவை கூடி அமைந்த பகுதி 'டவுன்டவுன்' எனப்படும். அதன் முதன்மைத் தெருவுக்குப் பெரும்பாலான ஊர்களில் 'மெயின் ஸ்ட்ரீட்' என்றே பெயர். இக்கட்டுரை அப்பகுதியைக் கடைவீதி என்று குறிப்பிடுகிறது. அங்கே காரை நிறுத்த இடமில்லை என்ற புகார் ஏறத்தாழ நூறு ஆண்டுப் பழமை உடையது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு தீர்வைக் கண்டுபிடித்தது. அவற்றுள் சில தீர்வுகள், எந்தக் கடைகளுக்காக இடம் தேடப்பட்டதோ அந்தக் கடைகளையே இடித்துத் தள்ளின.

குதிரை கட்டும் கம்பங்கள்

கார் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கல் வேறு உருவில் இருந்தது. சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார விவசாயிகள் குதிரை வண்டிகளில் ஊருக்கு வருவார்கள். நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றிக் குதிரைகளைக் கட்டுவதற்கு மரக் கம்பங்கள் நடப்பட்டிருந்தன. நாள் முழுவதும் நிற்கும் குதிரைகளால் நாற்றமும் ஈயும் பெருகின. கம்பங்களை அகற்ற வேண்டும் என்று நகரவாசிகள் சிலர் கேட்டபோது விவசாயிகள் சினம் கொண்டனர். கம்பத்தை எடுத்தால் அடுத்த ஊருக்குச் சென்று வாங்குவோம் என்பதே அவர்களுடைய எச்சரிக்கை. வணிகர்கள் அஞ்சினார்கள். அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள் என்ற அந்த அச்சம், பிற்காலத்தில் கார்கள் தொடர்பான எல்லா விவாதங்களிலும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908-இல் அறிமுகமானது. 1927-இல் அதன் உற்பத்தி முடிந்தபோது ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்திருந்தன. விவசாயியிடமும் கார் வந்துவிட்டது. குதிரைகள் நின்ற ஓரத்தில் கார்கள் நிற்கத் தொடங்கின.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய கடைவீதிக் கடையின் முகப்பு சுமார் 25 அடி அகலம். தெருவுக்கு இணையாக ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ 22 அடி நீளம் வேண்டும். ஆகவே ஒரு கடைக்கு முன்னால் ஒரே ஒரு கார்தான் நிற்க முடியும். சாய்வாக நிறுத்தினால் இரண்டு கார்கள் நிற்கலாம். அகலமான தெருக்களைக் கொண்ட ஊர்கள் சாய்வு நிறுத்தத்தையே விரும்பின. ஆனால் பல ஊர்களில் மெயின் ஸ்ட்ரீட்டே மாநில நெடுஞ்சாலையாகவும் இருந்தது. பின்னோக்கி வரும் கார்களால் விபத்து நேரும் என்று கூறி, நெடுஞ்சாலைத் துறையினர் இணை நிறுத்தத்தையே வற்புறுத்தினர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனினும் ஒவ்வொரு முறை இந்த மாற்றம் நடந்தபோதும் கடைவீதி தன் இடங்களில் ஒரு பெரும் பங்கை இழந்தது.

கடைக்காரரின் சொந்தக் கார்

ஒரு கடைக்கு ஒரு கார் என்ற நிலையில், அந்த ஒரு காரும் யாருடையது என்ற கேள்வி முதன்மையானது. காலை முதலில் வருபவருக்கே இடம் கிடைக்கும். முதலில் வருபவர் கடையைத் திறக்கும் உரிமையாளர் அல்லது அவரிடம் வேலை செய்பவர். காலை ஒன்பது மணிக்கு நிறுத்தப்படும் அந்தக் கார் மாலை ஐந்து மணிக்குத்தான் நகரும். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், எட்டு வாடிக்கையாளர்களுக்குப் பயன்பட வேண்டிய இடத்தை ஒரு கார் அடைத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் வந்து, இடமில்லை என்று திரும்பிப் போகிறார். கடைக்காரர் நகர மன்றத்திடம் புகார் செய்கிறார். அவருடைய கார் அப்போதும் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

பார்க்கிங் மீட்டர் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான் உருவானது. அரசுக்கு வருவாய் தேடும் கருவியாகவே அதைப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதைக் கேட்டவர்கள் வணிகர்கள்.

ஓக்லஹோமா நகரின் மீட்டர்

கார்ல் மகீ ஒரு பத்திரிகை ஆசிரியர். நியூ மெக்சிகோவில் இருந்தபோது, 'டீபாட் டோம்' என்ற எண்ணெய் வயல் ஊழலை வெளிக்கொணர்ந்தவர்களுள் ஒருவர். பின்னர் ஓக்லஹோமா நகருக்கு வந்து அங்கும் பத்திரிகை நடத்தினார். அந்நகர வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழு அவர் பொறுப்பில் வந்தது. கடைவீதியில் வேலை செய்பவர்களின் கார்கள் நாள் முழுவதும் இடத்தை அடைப்பதே குறை என்று குழு கண்டது. காசு போட்டால் குறிப்பிட்ட நேரம் ஓடும் ஒரு கடிகாரக் கருவியை மகீ திட்டமிட்டார். அதற்கு முழு வடிவம் கொடுத்தவர்கள் ஓக்லஹோமா வேளாண் கல்லூரியைச் சேர்ந்த ஹோல்கர் தூசன், ஜெரால்டு ஹேல் ஆகிய பொறியாளர்கள். அக்கல்லூரியே இன்றைய ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம்.

1935 ஜூலை 16 அன்று, ஃபர்ஸ்ட் தெருவும் ராபின்சன் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் முதல் மீட்டர் செயல்படத் தொடங்கியது. அதன் பெயர் 'பார்க்-ஓ-மீட்டர்'. ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் 5 சென்ட். தொடக்கத்தில் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டுமே மீட்டர்கள் நடப்பட்டன. அந்தப் பக்கத்தில் இடம் எளிதாகக் கிடைத்ததால் வாடிக்கையாளர்கள் அங்கே வரத் தொடங்கினர். விரைவிலேயே எதிர்ப்பக்கத்து வணிகர்களும் தங்களுக்கு மீட்டர் வேண்டும் என்று கேட்டார்கள்.

அது பெருமந்தக் காலம். சிறுநகரங்களிடம் பணமில்லை. மீட்டர் நிறுவனங்கள் அதற்கும் வழி வைத்திருந்தன. முன்பணம் எதுவும் வேண்டாம். மீட்டரில் விழும் காசில் ஒரு பங்கை விலை தீரும்வரை எடுத்துக்கொள்வோம் என்றன. இதனால் சில ஆயிரம் மக்கள் மட்டுமே வாழ்ந்த ஊர்களிலும் மீட்டர்கள் முளைத்தன. 1940களின் நடுப்பகுதிக்குள் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் இயங்கின.

எதிர்ப்பு

பொதுத் தெருவில் நிற்பதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் 1937-இல் பர்மிங்காம் நகரின் மீட்டர்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. வட கரோலினாவில் ராலே நகரின் மீட்டர்களுக்கும் 1940-இல் அதே கதி. மற்ற மாநிலங்களில் பெரும்பாலான நீதிமன்றங்கள், இது வரி அன்று, போக்குவரத்து ஒழுங்குமுறையே என்று கூறி மீட்டரை ஏற்றன. இந்த வேறுபாடு நுட்பமானது. மீட்டரின் நோக்கம் கார்களை நகரச் செய்வதாக இருக்கும்வரை அது செல்லும். காசு சேர்ப்பதே நோக்கம் என்றால் ஐயத்துக்கு உரியது. பிற்காலத்தில் எத்தனையோ நகர மன்றங்கள் இந்த எல்லையை மறந்துவிட்டன.

வட டகோடா மாநிலத்தில் எதிர்ப்பு வாக்குப்பெட்டிக்கே சென்றது. அது விவசாயிகளின் மாநிலம். தானியம் விற்கவும் பொருள் வாங்கவும் நெடுந்தொலைவு பயணம் செய்து வருபவருக்கு ஒரு மணி நேரத்தில் வேலை முடியாது. ஊருக்கு வருபவரிடம் நிற்கவும் காசு கேட்பது அவர்களுக்கு அவமதிப்பாகத் தோன்றியது. 1948-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் தெருவோர மீட்டர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நகர வணிகர் கேட்ட கருவி நாட்டுப்புற வாடிக்கையாளரை விரட்டியது என்று இதைச் சொல்லலாம். குதிரைக் கம்பக் காலத்துச் சினம் அப்படியே நீடித்திருந்தது.

திரைப்படமும் இந்த வெறுப்பைப் பதிவு செய்துள்ளது. 1967-இல் வெளிவந்த 'கூல் ஹேண்ட் லூக்' படத்தின் தொடக்கக் காட்சியில், பால் நியூமன் குடிபோதையில் ஒரு சிற்றூரின் மீட்டர்களின் தலைகளை வெட்டி வீழ்த்துவார். அந்தக் குற்றத்துக்காகவே அவர் சிறைக்குச் செல்கிறார்.

ஊருக்கு வெளியே ஒரு பெரும் திடல்

உண்மையான அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1956-இல் மின்னசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சவுத்டேல் திறக்கப்பட்டது. முற்றிலும் கூரையிட்ட முதல் அமெரிக்கப் பேரங்காடி அதுவே. கட்டடக் கலைஞர் விக்டர் குரூன் அதை வடிவமைத்தார். அதைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு இலவச இடம் இருந்தது. அதே ஆண்டில் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கான கூட்டாட்சிச் சட்டமும் நிறைவேறியது. சாலைகள் ஊரைச் சுற்றிச் சென்றன. கடைகளும் அவற்றைத் தொடர்ந்தன.

சாம் வால்டனின் வாழ்க்கை இம்மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்கன்சாவின் பென்டன்வில் என்னும் சிற்றூரின் சதுக்கத்தில் அவர் 1950-இல் ஒரு சில்லறைக் கடை நடத்தத் தொடங்கினார். அதன் வாசலில் சில கார்களே நிற்க முடியும். 1962-இல் அண்டை ஊரான ராஜர்ஸில் முதல் வால்மார்ட் திறக்கப்பட்டது. பின்னர் பெருகிய வால்மார்ட் கடைகளுக்கு ஊர் எல்லையில் ஒரு பெரிய கட்டடமும் முன்னால் பரந்த கார்த் திடலும் அடையாளமாயின. சதுக்கத்துக் கடை இப்போது அந்நிறுவனத்தின் அருங்காட்சியகம்.

கடைவீதி வணிகர்கள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். அது தவறான பாடம். பேரங்காடி வெல்வதற்குக் காரணம் இலவச இடமே என்று முடிவு செய்தார்கள். ஆனால் பேரங்காடித் திடலின் கோடியில் காரை விட்டவர் உள்ளே சென்று கடையை அடைய நடக்கும் தூரம், கடைவீதியில் இரண்டு தெரு தள்ளி நிறுத்துபவர் நடக்கும் தூரத்துக்குக் குறைந்ததன்று. வாயில் கண்ணுக்குத் தெரிவதால் அந்த நடை தூரமாகப் படுவதில்லை. கடைவீதியில் வாசலிலேயே நிற்க முடியாவிட்டால் இடமே இல்லை என்று மனம் சொல்கிறது. உள்ளதை உள்ளபடி எண்ணிப் பார்க்க அப்போது பெரும்பாலோர் முன்வரவில்லை.

இடிப்பும் விதியும்

1950 முதல் 1970 வரையிலான காலத்தில், பல ஊர்கள் தங்கள் பழைய கட்டடங்களை இடித்துக் கார்த் திடல்களாக்கின. நகரப் புதுப்பிப்புக்குக் கூட்டாட்சி அரசின் பணம் கிடைத்தது. ஆள் குறைந்த பழைய விடுதி, மூடிய நாடகக் கொட்டகை, மாடிகள் காலியான செங்கல் கட்டடம் ஆகியவை முதலில் சென்றன. ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டதால் இழப்பின் அளவு யாருக்கும் தெரியவில்லை. வரிசையாக நின்ற கடைகளுக்கு நடுவே பல் விழுந்தாற்போல் இடைவெளிகள் தோன்றின. நடந்து செல்பவர் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போக வெயிலில் தார்த் திடலைக் கடக்க வேண்டியதாயிற்று. நிறுத்த இடம் பெருகியது. நிறுத்திவிட்டுப் போவதற்கான காரணம் குறைந்தது.

இதைவிட ஆழமாகப் பாதித்தது ஒரு விதி. புதிதாகக் கட்டுபவர் அல்லது கட்டடத்தின் பயனை மாற்றுபவர், இத்தனை கார்களுக்குத் தன் மனையிலேயே இடம் தர வேண்டும் என்பது அது. 1923-இல் ஒகாயோவின் கொலம்பஸ் நகரம் அடுக்ககங்களுக்கு இவ்விதியை வகுத்தது. 1939-இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ, விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதை நீட்டித்தது. போருக்குப் பின் நாடு முழுவதும் சிற்றூர்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று இதைப் படியெடுத்தன.

படியெடுத்த விதி பழைய கடைவீதியில் எப்படி வேலை செய்தது? 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட ஒரு கடையின் பரப்பு 2,500 சதுர அடி. ஆயிரம் சதுர அடிக்கு 4 கார்கள் என்ற வழக்கமான கணக்குப்படி அதற்கு 10 இடங்கள் வேண்டும். காரைத் திருப்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 300 சதுர அடிக்கு மேல் தேவைப்படும். அதாவது 3,000 சதுர அடிக்கும் மேலான திடல், கடையைவிடப் பெரியது. மனை முழுவதும் கடையாகவே இருக்கும் ஓர் இடத்தில் இதை எங்கே அமைப்பது? அடுத்த கட்டடத்தை வாங்கி இடிக்க வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் தொழிலைத் தொடங்க முடியாது. செருப்புக் கடை மூடிய இடத்தில் ஓர் உணவகம் திறக்க விரும்பியவர், சமையலறைக்கும் மேசை நாற்காலிகளுக்கும் பணம் திரட்டிய பிறகு இந்த விதியைக் கண்டு திரும்பினார். பூட்டிய கட்டடம் பூட்டியபடியே கிடந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் நின்ற கட்டடங்களை அதே வடிவில் மீண்டும் கட்டுவது பல ஊர்களில் சட்டப்படியே இயலாததாகிவிட்டது.

காரையே விலக்கிப் பார்த்த ஊர்களும் உண்டு. மிச்சிகனின் கலமசூ 1959-இல் தன் கடைவீதியின் ஒரு பகுதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பெரும்பாலானவை பின்னர் கைவிட்டன. கலமசூவும் 1998-இல் தன் நடைத்தெருவின் ஒரு பகுதியில் மீண்டும் கார்களை அனுமதித்தது.

மீட்டர் போயிற்று, சுண்ணக்கட்டி வந்தது

பேரங்காடியோடு போட்டியிட வேண்டும் என்று பல சிற்றூர்கள் தங்கள் மீட்டர்களைப் பிடுங்கிவிட்டன. நிறுத்துவது இலவசமாயிற்று. மீட்டர் எதைத் தடுக்க வந்ததோ அது உடனே திரும்பியது. கடை ஊழியர்களின் கார்கள் மீண்டும் வாசல்களை நிரப்பின. அவர்களைக் குறை சொல்வதும் எளிதன்று. குறைந்த கூலிக்கு வேலை செய்து இரவில் தனியே வீடு திரும்பும் பெண்ணுக்கு, வெளிச்சமில்லாத பின்புறத் திடலைவிடக் கடை வாசலே பாதுகாப்பானது.

எனவே 'இரண்டு மணி நேரம் மட்டும்' என்ற பலகைகள் வந்தன. நேரத்தைக் கண்காணிக்க ஒரு காவலர் சுண்ணக்கட்டியால் டயரில் கோடு இழுத்துச் செல்வார். இரண்டு மணி கழித்து வரும்போது கோடு அதே இடத்தில் இருந்தால் அபராதச் சீட்டு. ஊழியர்கள் கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்கள். அல்லது வேலையின் நடுவே ஓடிவந்து காரை அடுத்த இடத்துக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளரோ, உணவு முடித்து இன்னொரு கடைக்குள் நுழையும் நேரத்தில் அபராதம் வாங்கினார். தவறு செய்பவர் தப்பிக்க, விருந்தாளி அகப்படும் முறை இது.

இந்தக் கோடு அரசியலமைப்பு வழக்காகவும் மாறியது. மிச்சிகனின் சாகினா நகரில் சில ஆண்டுகளுக்குள் 15 அபராதச் சீட்டுகள் பெற்ற ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். தகுந்த காரணமில்லாத தேடுதலைத் தடுக்கும் நான்காவது திருத்தத்தை, டயரில் குறியிடுவது மீறுகிறது என்பது அவருடைய வாதம். 2019 ஏப்ரலில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று, டயரில் குறியிடுவதும் ஒரு தேடுதலே என்றது. 2022-இல் சான் டியேகோ வழக்கொன்றில் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் இதற்கு மாறாக, குறியிடுவதை அனுமதித்தது. ஆகவே ஒரே சுண்ணக்கட்டி மிச்சிகனில் ஒரு பொருளும் கலிபோர்னியாவில் வேறு பொருளும் பெற்றுள்ளது. வசதியுள்ள ஊர்கள் எண் தகட்டைப் படிக்கும் கேமராக்களுக்கு மாறிவிட்டன.

எண்ணிப் பார்த்தல்

1977-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று சிறுநகரங்களைத் தேர்ந்து கடைவீதிகளை மீட்கும் முயற்சியைத் தொடங்கியது. இல்லினாயின் கேல்ஸ்பர்க், தெற்கு டகோடாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், இந்தியானாவின் மேடிசன் ஆகியவை அவை. பழைய கட்டடங்களே கடைவீதியின் சொத்து என்பது அதன் அடிப்படை. 1980-இல் இது நாடளாவிய 'மெயின் ஸ்ட்ரீட்' திட்டமாக வளர்ந்தது. கட்டடத்தை இடித்து இடம் தேடும் பழக்கத்துக்கு இது முதல் தடையாயிற்று.

இடிக்கும் முன் எண்ணிப் பார்க்கும் வழக்கமும் மெல்லப் பரவியது. முறை எளிது. ஒருவர் மணிக்கு ஒருமுறை தெருவைச் சுற்றி வந்து, ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் காரின் எண்ணைக் குறித்துக்கொள்வார். எந்த இடம் எப்போது நிரம்புகிறது, எந்தக் கார் நகரவே இல்லை என்பவை மாலைக்குள் தெரிந்துவிடும். பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: நண்பகலில் முதன்மைத் தெருவின் முகப்பு நிரம்பியிருக்கும், ஒரு தெரு தள்ளியுள்ள திடலில் பாதி காலியாக இருக்கும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகப் பேராசிரியர் டொனால்டு ஷூப், 2005-இல் வெளியிட்ட 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' என்ற நூலில் இதற்கு ஒரு கொள்கை வகுத்தார். ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும். அந்தப் பணத்தை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவிட வேண்டும். கட்டாய இட விதியை நீக்க வேண்டும். வருவாயை அங்கேயே செலவிடும் முறை பசடீனாவின் பழைய கடைவீதியில் 1993 முதல் நடப்பில் இருந்தது. வணிகர்கள் மீட்டரை அங்கே ஏற்றதற்கு அந்த உறுதிமொழியே காரணம். கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டி 2005-இலேயே ஷூப்பின் வழியில் சட்டம் இயற்றி, நெரிசல் மிகுந்த தெருவில் கூடுதலாகவும் தள்ளியுள்ள இடங்களில் குறைவாகவும் கட்டணம் வைத்தது. அவர் 2025-இல் மறைந்தார்.

ஆர்கன்சாவின் ஃபயட்வில் 2015-இல் வணிகக் கட்டடங்களுக்கான கட்டாய இட விதியை நகரம் முழுவதும் நீக்கியது. எத்தனை இடம் தேவை என்பதைத் தொழில் செய்பவரே முடிவு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள் தனிச் சட்டத்தின் கீழ் வருவதால் அவை இதனால் நீங்குவதில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதிகளின்படி, 25 இடங்கள் வரை உள்ள திடலில் ஒன்றாவது அவர்களுக்கு உரியது. 2017-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ இவ்வழியில் சென்றது. 2022-இல் கலிபோர்னியா, பெரிய பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களுக்கு அருகில் இவ்விதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. ஃபயட்வில்லில், போதிய இடம் காட்ட முடியாமல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த சில பழைய கட்டடங்கள் விதி நீங்கிய பிறகு விலைபோய், மீண்டும் திறக்கப்பட்டன. அவற்றுள் உணவகங்களும் உண்டு.